நாற்பது ஆண்டுப் பழைய வீட்டின் ஒயரிங்: முழுவதும் மாற்றுவதா, பழுது பார்ப்பதா, யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி
பதிவிட்டவர்: இலக்கியம்பட்டி மகள்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி நகரை ஒட்டிய இலக்கியம்பட்டியில் என் பெற்றோர் 1984-ஆம் ஆண்டு கட்டிய வீட்டில் இப்போது அம்மா மட்டும் வசிக்கிறார். நான் ஓசூரில் வேலை பார்ப்பதால் வார இறுதிகளில்தான் அங்கே போக முடிகிறது. கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் மர ரீப்பரின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய ஒயரிங் அப்படியே இருக்கிறது. சமையலறையும் குளியலறையும் பிற்காலத்தில் சேர்த்துக் கட்டியவை என்பதால் அங்கே மட்டும் சுவருக்குள் பைப் பதித்து ஒயர் இழுத்திருக்கிறார்கள். மெயின் போர்டில் இன்னமும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள்தாம் உள்ளன. இணைப்பு ஒருமுனை இணைப்பு.

சில மாதங்களாகத் தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. போர்வெல் மோட்டாரைப் போட்டால் வீட்டு விளக்குகள் மங்குகின்றன. மிக்ஸி செருகும் பிளக்கைச் சற்று நேரத்தில் தொட்டால் சுடுகிறது. படுக்கையறை எல்.இ.டி. பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் இரவில் மெல்லிய வெளிச்சத்துடன் எரிந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீசர் ஓடும்போது குளியலறைக் குழாயைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிப்பதாக அம்மா சொல்கிறார். அவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் துணியால் பிடித்துக் குழாயைத் திறந்து பழகிவிட்டார் என்பதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

உறவினர்கள் சொல்லி இரண்டு எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்தார்கள். முதலாமவர் ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல், வீடு முழுவதும் ஒயரை மாற்றியாக வேண்டும் என்று ஒரு மொத்தத் தொகையை வாயால் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாமவர், பழைய ஒயர் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும், மெயின் போர்டில் எம்.சி.பி. பெட்டி (அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்சுகள்) வைத்து, எர்த் ஒயரைத் தண்ணீர்ப் பைப்பில் இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்றார். இருவர் சொல்வதும் முற்றிலும் வேறாக இருக்கும்போது யார் சொல்வதை நம்புவது? தகுதியுள்ளவர் என்பதை எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது? வேலை தொடங்கும்வரை அம்மாவின் பாதுகாப்புக்கு என்ன செய்வது? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பதில் 1
பதிவிட்டவர்: ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர், பாலக்கோடு

அம்மா, யாரை அமர்த்துவது என்பது முடிவாகும்வரை ஒரு காரியம் காத்திருக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கீசருக்குப் போகும் ஃபியூஸ் கட்டையை இன்றே யாரையாவது கொண்டு கழற்றி வைக்கச் சொல்லுங்கள். சுடுநீரை அடுப்பில் காய்ச்சிக்கொள்ளட்டும். ஈர உடம்பில் தோலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும். உலர்ந்த கையில் சுள்ளென்று மட்டும் தெரிகிற அதே கசிவு, நனைந்த தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் தசையை இறுக்கிப் பிடியை விடமுடியாதபடி செய்துவிடும். துணியால் பிடித்துத் திறப்பதை அவர் உடனே நிறுத்த வேண்டும்; ஈரத்துணி எந்தக் காப்பும் தராது. கீசரை நிறுத்திய பிறகும் குழாயில் அதிர்வு இருந்தால் கசிவு வேறிடத்திலிருந்து வருகிறது என்று பொருள். அப்போது குளியலறையையே பயன்படுத்தாமல் அன்றே ஆளை வரவழையுங்கள்.

அடுத்து, எது வாரியத்தின் பொறுப்பு, எது உங்கள் பொறுப்பு என்பதைப் பிரித்துக்கொள்வது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். கம்பத்திலிருந்து சர்வீஸ் ஒயர் வழியாக மீட்டர் வரையில் உள்ளவை வாரியத்தைச் சேர்ந்தவை. மீட்டரைத் தாண்டியவை அனைத்தும் வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. மோட்டார் போட்டதும் விளக்கு மங்குவதற்குக் காரணம் இரண்டு பக்கத்திலும் இருக்கக்கூடும். மோட்டார் புறப்படும் நொடியில் அது ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் ஒரு கணம் மங்கித் தெளிவது இயல்பே. ஓடும் நேரம் முழுவதும் மங்கலாக இருந்தால்தான் ஆராய வேண்டும். அண்டை வீடுகளிலும் அதே நேரம் மங்கல் இருந்தால் அது லைன் மின்னழுத்தக் குறைவு. உங்கள் வீட்டில் மட்டும் என்றால், கம்பத்தில் சர்வீஸ் ஒயர் சேரும் முடிச்சோ, மீட்டர் முனையோ, உங்கள் மெயின் சுவிட்சோ தளர்ந்திருக்கக்கூடும். முதல் இரண்டையும் லைன்மேன்தான் சரிசெய்ய வேண்டும். தனியார் எலக்ட்ரீஷியனைக் கம்பத்தில் ஏற விடாதீர்கள். பிரிவு அலுவலகத்தில் நேரில் சொல்லலாம், அல்லது 2021 முதல் இயங்கும் மின்னகம் எண்ணான 94987 94987-இல் எந்த நேரமும் புகார் பதியலாம். என்றாவது சில வீடுகளில் விளக்கு மங்கி, வேறு சில வீடுகளில் வழக்கத்துக்கு மீறிப் பளீரென்று எரிந்தால், அது லைனில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) அறுந்ததன் அறிகுறி. அப்போது 230 வோல்ட்டில் இயங்க வேண்டிய கருவிகளுக்கு 400 வோல்ட் வரையில்கூடப் பாயும். மெயினை அணைத்துவிட்டுத்தான் புகார் சொல்ல வேண்டும்.

உங்கள் மீட்டரையே ஒரு சோதனைக் கருவியாகப் பயன்படுத்தலாம். வீட்டில் எல்லாக் கருவிகளின் சுவிட்சையும் அணைத்து, மெயினை மட்டும் போட்டு வையுங்கள். மீட்டரில் துடிப்புக்காட்டும் சிறு சிவப்பு விளக்கு அப்போதும் இடைவிட்டு மின்னினால் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. இன்றைய மின்னணு மீட்டர்கள் பெரும்பாலானவற்றில், ஃபேஸில் (மின்சாரம் வரும் கம்பியில்) போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இல்லாதபோது எரியும் எர்த் அறிகுறி விளக்கும் உண்டு. கீசரைக் கழற்றும் முன்பு அந்த விளக்கு எரிகிறதா, கழற்றிய பின்பு அணைகிறதா என்று பார்த்துவைத்தால் வேலைக்கு வருபவருக்குப் பெரிய துப்பாக இருக்கும். குழாயைத் தொட்டுப் பார்த்து யாரும் சோதிக்க வேண்டாம்.

தகுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, பல்பு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் ஆகியவற்றை அதே அளவில் மாற்றுவது போன்ற சிறு வேலைகளைத் தவிர, ஒயரிங்கில் செய்யும் சேர்ப்பு, மாற்றம், பழுது எதுவாயினும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாக, தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். நம் மாநிலத்தில் ஒப்பந்தக்காரருக்கு உரிமமும், மேற்பார்வையாளருக்கும் வயர்மேனுக்கும் தகுதிச் சான்றிதழும் சென்னை கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. நீண்ட காலம் உதவியாளராக வேலை பார்த்துத் தொழில் கற்றவர்களுக்கென்று வயர்மேன் உதவியாளர் தகுதிகாண் தேர்வும் அரசு ஐ.டி.ஐ.க்கள் வழியாக நடக்கிறது. ஆகவே ஐ.டி.ஐ. படிக்கவில்லை என்பதால் ஒருவரை ஒதுக்க வேண்டியதில்லை. சான்றிதழைக் காட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள். உண்மையான தொழிலாளி இந்தக் கேள்வியால் வருத்தப்படமாட்டார்.


பதில் 2
பதிவிட்டவர்: வயர்மேன், காவேரிப்பட்டணம்

சகோதரி, மேலே ஐயா எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். என் பங்குக்கு வீட்டுக்குள் இருக்கும் விஷயத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்த இருவருமே எதையும் அளக்கவில்லை என்பதுதான் உங்கள் பதிவில் எனக்கு முதலில் தென்பட்டது. பழைய வீட்டில் எதை விடலாம், எதை மாற்ற வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஒயரின் உறை எவ்வளவு நலமாக இருக்கிறது என்பதை மெகர் என்னும் கருவிதான் சொல்லும். மெயினை அணைத்து, பல்புகளையும் கருவிகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் 500 வோல்ட் அழுத்தத்தில் காப்புத் தடையை அளக்க வேண்டும். ஒரு மெகோமுக்குக் கீழே காட்டும் சுற்றை அப்படியே விட்டுவைப்பது தவறு. அதோடு எர்த் மீட்டரால் எர்த்தின் தடையையும், மோட்டார் ஓடும்போது கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தையும் அளந்து, எண்களைத் தாளில் எழுதித் தருபவரை அமர்த்துங்கள். டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வருபவரால் இதைச் செய்ய முடியாது. தூண்டப்பட்ட சிறு மின்னழுத்தத்துக்கும் டெஸ்டரின் நியான் எரிந்து ஏமாற்றும். இந்தச் சோதனைக்குத் தனியாகக் கூலி கொடுத்துவிடுங்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்பவர் அந்தக் கூலியைப் பிறகு வேறு வழியில் எடுக்க வேண்டியிருக்கும்.

குழாயில் ஷாக் அடிப்பதற்கு நான் ஊகிக்கும் காரணம் இது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் எர்த் ஒயரைத் தனிக்குழிக்குக் கொண்டுபோகாமல், மண்ணுக்குள் போகும் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவது வழக்கம். பின்னாளில் குழாய் துருப்பிடித்து, வெளியே ஒரு பகுதியைப் பிளம்பர் பிளாஸ்டிக் பைப்பாக மாற்றிய அன்றே, அந்த வீட்டின் எர்த் யாரும் அறியாமல் அறுந்துபோகிறது. அதன்பின் எந்தக் கருவியில் கசிந்தாலும் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியின்றி, வீட்டுக்குள் மிஞ்சியிருக்கும் இரும்புக் குழாய்களிலும் குழாய்த் திருகுகளிலும் நிற்கும். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் கடினமானது. கீசரின் உள்ளே உள்ள எலிமென்டில் சுண்ணாம்பு படிந்து, சூடு வெளியேற முடியாமல் அதன் உறை வெடித்துவிடுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. உறை வெடித்த எலிமென்டும் மண்ணைத் தொடாத குழாயும் சேர்ந்தால் உங்கள் அம்மா சொல்வதுதான் நடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் எர்த்தை மறுபடியும் தண்ணீர்ப் பைப்பில் கட்டச் சொன்ன இரண்டாமவரின் யோசனையை எந்தக் காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துச் சமாளிப்போரும் உண்டு. நியூட்ரல் எங்காவது கழன்றால் கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும் என்பதால் அது அதைவிடக் கொடியது.

எர்த் குழி புதிதாகப் போடத்தான் வேண்டும். ஆனால் இங்கே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சிறிது ஆழத்திலேயே பாறை தட்டும். மேலே இருக்கும் செம்மண்ணும் கோடையில் ஈரமின்றி வறண்டுவிடும். வீட்டு எர்த்தின் தடை 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது என்று தொழிலில் சொல்வோம். பாறை நிலத்தில் கரியும் உப்பும் இட்டுக் குழாய் இறக்கினாலும் சித்திரை வைகாசியில் அது 25 ஓம் காட்டினால் வியப்பில்லை. கணக்கைப் பாருங்கள்: 230 வோல்ட்டை 25 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர்தான் வரும். கீசரின் ஃபேஸ் அதன் உடம்பைத் தொட்டுவிட்ட நிலையிலும் 9 ஆம்பியர்தான் ஓடும் என்றால், 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, ஃபியூஸும் எரியாது. கருவியின் உடம்பு உயிருள்ள கம்பியாகவே இருந்துகொண்டிருக்கும். எம்.சி.பி. என்பது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்கானது. மனிதரைக் காப்பதற்கு ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். ஃபேஸில் போன மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்பியதற்கும் இடையே 30 மில்லியாம்பியர் வேறுபாடு வந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும் என்பதால், எர்த் தடை 100 ஓம் இருந்தாலும் உடம்பில் 3 வோல்ட் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். நம்மைப் போன்ற பாறை நிலத்தில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் வசதி என்று எண்ணக் கூடாது. செலவைக் குறைக்க வேண்டி வந்தால் வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள், இதை விடாதீர்கள். ஆனால் ஆர்.சி.சி.பி. மட்டும் ஒயர் சூடாவதைத் தடுக்காது, எம்.சி.பி.யும் உடன் இருக்க வேண்டும். எர்த் குழியையும் கைவிடக் கூடாது; கோடையில் அதற்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்.இ.டி. அணைந்த பிறகும் எரிவது, பெரும்பாலும் சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருப்பதால் வரும். அப்படியானால் சுவிட்சை அணைத்தும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். மெயினை அணைக்காமல் பல்பு மாற்றக் கூடாது. பிளக் சுடுவது இணைப்புத் தளர்வினால். 1984-இல் ஓட்டிய ஒயர் அநேகமாக அலுமினியக் கம்பியாகத்தான் இருக்கும். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் நாளடைவில் நசுங்கி இடம்விடும். அதன் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். அதைச் செம்புக் கம்பியோடு நேராக முறுக்கிக் கட்டினால் அந்த முடிச்சு இன்னும் விரைவாகக் கெடும். தீ விபத்துக்கு வழி வைப்பது பெரும்பாலும் கம்பியின் நடுப்பகுதி அல்ல, இத்தகைய முடிச்சுகளே.

ஆகவே உங்கள் வீட்டில் எதை மாற்றலாம் என்று கேட்டால்: ரீப்பரில் ஓடும் பகுதியை, அலுமினியம் என்பது உறுதியானால், முழுவதும் மாற்றிவிடுங்கள், அதில் எர்த் ஒயரும் ஓடியிருக்காது. சமையலறை, குளியலறைப் பகுதியில் செம்புக் கம்பி இருந்து, மெகர் நன்றாகக் காட்டினால், சுவரை உடைக்காமல் அதே பைப்பில் பச்சை எர்த் ஒயரை மட்டும் இழுத்துக்கொள்ளலாம். முதலாமவர் சொன்னது முக்கால் பங்கு சரியாகவே முடியலாம். ஆனாலும் அளக்காமல் சொன்ன தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.


பதிவிட்டவர்: இலக்கியம்பட்டி மகள்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கீசரின் ஃபியூஸைக் கழற்றிவிட்டோம். பக்கத்து வீட்டு அண்ணன் மீட்டரைப் பார்த்தபோது எர்த் விளக்கு முன்பு எரிந்து, கழற்றியபின் அணைந்துவிட்டது என்கிறார். வெளிக்குழாயைச் சில ஆண்டுகளுக்கு முன்பு பிளாஸ்டிக்காக மாற்றியதும் உண்மைதான். விலைப்பட்டியல் கேட்கும்போது எவற்றையெல்லாம் எழுதி வாங்க வேண்டும் என்பதையும், வயதானவர் குடியிருக்கும்போதே வேலையை எப்படி நடத்துவது என்பதையும் யாராவது சொல்ல முடியுமா? வீட்டில் இன்வெர்ட்டர் ஒன்றும் உண்டு.


பதில் 3
பதிவிட்டவர்: பழையபேட்டை வாசி, கிருஷ்ணகிரி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் பூர்விக வீட்டுக்கு அண்மையில் ஒயரிங் முழுவதையும் மாற்றினோம். கீழ்ப்பகுதி கருங்கல் சுவர் என்பதால் காடி வெட்டிப் பைப் பதிக்க வழியே இல்லை. வெட்டிப் பார்க்கலாம் என்று சொன்னவரை அனுப்பிவிட்டு, சுவரின்மேல் பி.வி.சி. கேசிங் அடித்து ஒயர் ஓட்டினோம். பார்வைக்குச் சற்றே எடுப்பாகத் தெரிந்தாலும், சுவர் பிளக்கவில்லை, தூசி இல்லை, நாளை ஒரு பழுது வந்தால் மூடியைக் கழற்றிப் பார்த்துவிடலாம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ரீப்பர் ஓடும் பாதை இருப்பதால் அதே பாதையில் கேசிங் அடிப்பது எளிது. வயதானவர் இருக்கும் வீட்டுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து. கொத்தனாரை அழைத்துப் பூச வேண்டிய வேலையும் வெள்ளையடிக்க வேண்டிய செலவும் இல்லாமல் போகும்.

விலைப்பட்டியலைப் பொறுத்தவரை, இந்த ஊர்களில் வேலையைப் பாயிண்ட் கணக்கில் பேசுவதுதான் வழக்கம். ஆனால் ஒரு பாயிண்ட் என்றால் எது எது அடங்கும் என்பதில்தான் பிற்பாடு சண்டை வருகிறது. விளக்கு, விசிறி, ஆறு ஆம்பியர் பிளக், பதினாறு ஆம்பியர் பவர் பிளக், இருவழிச் சுவிட்ச், காலிங் பெல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதச் சொல்லுங்கள். மெயின் போர்டு, எர்த் குழி, பழைய ஒயரைக் கழற்றுவது ஆகியவை பாயிண்ட் விலைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் எழுத வேண்டும். பொருள் யார் வாங்குவது என்பது அடுத்தது. நாங்கள் கூலியை மட்டும் பேசி, பொருளை நாங்களே பட்டியல்படி கடையில் பில் போட்டு வாங்கினோம். அதற்கு எங்களுக்கு நேர்ந்த ஒரு கசப்பே காரணம். அதற்கு முந்தைய முறை மாடியறையில் வேலை செய்தவர், பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று கணக்கு எழுதிவிட்டு, சுவருக்குள் விளக்குக்கு இழுக்கும் 1.5 ஒயரையே இழுத்திருந்தார். பிளக் கருகிய பிறகே அது வெளியே தெரிந்தது. ஒயர்ச் சுருள் 90 மீட்டர் அளவில் வரும். ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அட்டையில் மட்டுமன்றி ஒயரின் உறையிலேயே அச்சாகியிருக்கும். அளவும் அதிலேயே இருக்கும். சுருளை உங்கள் முன்னிலையில் பிரிக்கச் சொல்லி, மீதித்துண்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். தொடக்கத்தில் சிறு தொகை, ஒயர் ஓட்டி முடித்ததும் ஒரு பங்கு என்று கொடுத்துவிட்டு, குறிப்பிடத்தக்க ஒரு பகுதியை இறுதிச் சோதனை வரை நிறுத்திவையுங்கள். அந்தச் சோதனையில் மெகர் எண்கள், எர்த் தடை, ஆர்.சி.சி.பி. சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்பது, எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று பெட்டிக்குள் தமிழில் எழுதி ஒட்டுவது ஆகியவை இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவிதான் பகலில் இருப்பவர் என்பதால், ஒவ்வொரு எம்.சி.பி.யையும் அவர் கையாலேயே இறக்கி ஏற்றிப் பழகச் செய்த பிறகே கடைசித் தவணையைக் கொடுத்தோம். உங்கள் அம்மாவுக்கும் அதைச் செய்யுங்கள்.

உறவினர் சொல்லி வந்தவர்களை எப்படி மறுப்பது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். சோதனைக் கூலியைக் கொடுத்து, அளந்து எழுதித் தாருங்கள் என்று அவர்கள் இருவரிடமும் கேளுங்கள். செய்து தருபவரிடம் வேலையைக் கொடுப்பதில் எந்த உறவும் கெடாது.


பதில் 4
பதிவிட்டவர்: வயர்மேன், காவேரிப்பட்டணம்

இன்வெர்ட்டர் இருப்பதைச் சொன்னது நல்லதாயிற்று. பழைய வீடுகளில் இன்வெர்ட்டரை வைக்கும்போது அதன் நியூட்ரலைப் பொது நியூட்ரலோடு கலந்துவிடுவார்கள். ஃபியூஸ் கட்டை இருந்தவரை அது வெளியே தெரியாது, ஆர்.சி.சி.பி. வைத்த அன்றே காரணமின்றி விழத் தொடங்கும். அப்போது ஆர்.சி.சி.பி. மீது குறை சொல்லி அதைக் கழற்றி, நேராக இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, விசிறிகளுக்குத் தனி ஃபேஸும் தனி நியூட்ரலும் மெயின் பெட்டியிலிருந்தே ஓட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் சுற்றில் மின்சாரம் இருக்கும் என்பதால், எந்த வேலைக்கு முன்பும் அதையும் அணைக்க வேண்டும் என்பதை அம்மாவிடமும் வேலைக்காரரிடமும் சொல்லுங்கள்.

ஒரே ஆர்.சி.சி.பி.யை வீடு முழுவதற்கும் வைத்தால், கீசரில் ஈரம் புகுந்தாலும் வீடே இருளும். தனியாக இருக்கும் வயதானவருக்கு அது வேறொரு ஆபத்து. விளக்கு, விசிறிகளுக்கு ஒன்றும், கீசர், மோட்டார், சமையலறை ஆகியவற்றுக்கு ஒன்றுமாக இரண்டு வையுங்கள். விளக்குச் சுற்றுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, கீசருக்கும் பின்னால் ஏ.சி. வரக்கூடிய இடத்துக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதுமானது. மோட்டாருக்கு, கிணற்றின் ஆழத்தையும் கேபிளின் நீளத்தையும் பார்த்த பிறகே அளவைச் சொல்ல முடியும். நம் பக்கம் போர்வெல்கள் ஆழமானவை என்பதால் கேபிள் மெலிந்திருந்தாலே விளக்கு மங்கும், மோட்டாரும் கெடும்.

வேலையின் வரிசையைக் கேட்டீர்கள். முதல் நாளில் எர்த் குழியும், ஆர்.சி.சி.பி. கொண்ட புது மெயின் பெட்டியும். அதற்கடுத்து குளியலறையும் சமையலறையும். கீசரின் எலிமென்டைச் சோதித்து மாற்றாமல் அதன் ஃபியூஸைத் திரும்பச் செருகக் கூடாது. பிறகு ஒவ்வொரு அறையாக மாற்றிக்கொண்டு போகலாம். அம்மா அடுத்த அறையில் இருந்துகொள்ளலாம், மாலைக்குள் அன்றன்றைய அறைக்கு மின்சாரம் வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கீசர் 2 கிலோவாட், ஒரு குதிரைத்திறன் மோட்டார் முக்கால் கிலோவாட், அயர்ன் பாக்ஸ் ஒரு கிலோவாட் என்று கூட்டிப் பாருங்கள், ஏ.சி.யும் சேரும் எண்ணம் இருந்தால் ஒருமுனை இணைப்பின் எல்லையான 4 கிலோவாட்டைத் தாண்டிவிடும். அப்படியானால் மும்முனை இணைப்புக்கு இப்போதே விண்ணப்பித்து, மெயின் பெட்டியை அதற்கேற்ற அளவில் வாங்குங்கள். விண்ணப்பத்தோடு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கை தேவைப்படும் என்பதால், அமர்த்துகிறவரிடம் அந்த அறிக்கையைத் தர முடியுமா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.